நிரப்ப ஒப்புதல்

மூடியைத் திருகி எடுத்ததும் குழாய்க்குள்ளிருந்து காற்று வந்து அவள் மணிக்கட்டில் பட்டது. வெதுவெதுப்பான காற்று.

மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கின் பின்புறம் அது. தரைக்கடியில் இருந்த பழைய தொட்டி ஓட்டை விழுந்து, வருஷக்கணக்கில் எண்ணெய் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க ஆங்காங்கே குழாய் இறக்கியிருந்தார்கள். கை நுழையும் அகலம்தான். ஆனாலும் இந்த வேலையில் இருப்பவர்கள் அதைக் கிணறு என்றுதான் சொல்வார்கள். தொட்டிக்கு ஒட்டினாற்போல் இருந்த கிணறு இது.

"பயந்துட்டீங்களா மேடம்?" என்று சிரித்தார் தாடி. சுத்தம் செய்யும் திட்டத்தைப் போட்டுக் கொடுத்த கம்பெனியின் ஆள். மார்பு வரை தொங்கும் தாடியை வைத்து எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். "காத்தழுத்தம்தான். வெளிய குறைஞ்சா உள்ள இருக்குறது மேல வரும். வெளிய கூடினா உள்ள இழுத்துக்கும்."

அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் அழுத்தம் மாற அரை நாளாவது ஆகும். இது அப்படி இல்லை. வந்தது. நின்றது. பிறகு அவள் உள்ளங்கையின் வியர்வையை மெல்லக் குளிரவைத்துக்கொண்டு உள்ளே போனது. மறுபடி வந்தது. பெட்ரோல் வாடைக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது, வெகுநேரம் மூடியிருந்த வாயைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி.

தாடி எதையோ எடுக்க வண்டிக்குப் போனார். அவள் குந்தியபடியே இருந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

கிணறும் அடக்கிக்கொண்டது.

விட்டாள். விட்டது.

மூடியைப் போட்டு இறுக்கித் திருகினாள். புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்தவள், தாடி திரும்பி வருவதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

கசிகிற தொட்டிகளைச் சுத்தம் செய்யும் திட்டங்களைப் படித்து, சரியென்றால் ஒப்புதல் தருவதும் இல்லையென்றால் திருப்பி அனுப்புவதும் அவள் உத்தியோகம். அலுவலகத்தில் அவளுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் எள் என்றால் எண்ணெயாக நிற்பார்கள். இவள் எண்ணெயே வந்தாலும் எந்தச் செக்கில் ஆட்டினது என்று கேட்பாள். "நிதானம் கையெழுத்துப் போடுறதுக்குள்ள கசிஞ்சது கடலுக்கே போய்ச் சேர்ந்துடும்" என்று மேலதிகாரி கிண்டல் செய்வார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். அவள் ஒப்புதல் தந்த எந்த இடத்திலும் இரண்டாம் தடவை தோண்ட வேண்டி வந்ததில்லை.

இந்தப் பங்குக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, தொட்டியைத் தோண்டி எடுத்து, ஊறிப்போன மண்ணையும் அள்ளிவிடுவது. பக்கத்து வீட்டின் பின்னறை பாதித் தொட்டிமேல் நிற்பதால் அந்த அறையை இடிக்க வேண்டும், செலவும் இழுக்கும். இரண்டாவது, தொட்டியைக் கழுவி, இருந்த இடத்திலேயே சிமென்ட் கலவையை ஊற்றி நிரப்பிவிடுவது. சுலபம். ஆனால் ஊறின மண் அப்படியே கிடக்கும், அதன் ஆவி அந்த வீட்டுக்குள் ஏறிக்கொண்டேயிருக்கும். தாடியின் கம்பெனி இரண்டாவதைத்தான் கேட்டது. அவள் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள்.

அந்த வீட்டில் ஒரு தையற்காரியும் அவள் மகளும் இருந்தார்கள். கிணற்றைப் பார்த்துவிட்டு நிதானம் அங்கே போனபோது, தையற்காரி முன்வாசலில் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு ஜன்னல், கதவு எல்லாம் விரியத் திறந்து கிடந்தன.

"உள்ள உட்கார்ந்து தைச்சா தலை சுத்துது மேடம். துணியெல்லாம் வாடை ஏறிப்போய், போன வாரம் ஒருத்தர் சட்டையத் திருப்பிக் குடுத்துட்டார்."

"பொண்ணு?"

"ஸ்கூல்ல இருந்தா நல்லா இருக்கா. வீட்டுக்கு வந்தா தலைவலி. அந்தப் பின்னறைய வேணா இடிச்சுக்கங்க, நான் வேணாம்னு சொல்லல. எடுத்துப் போட்டுடுங்க அதை. அது அடியில இருக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

பின்னறையைப் பார்க்க வேண்டும் என்றாள் நிதானம். தையற்காரி கதவைத் திறந்துவிட்டாள், கூட வரவில்லை. உள்ளே சாமான் எதுவும் இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும், ஈரம் கசிந்து வரைபடம் போலக் கறுத்த தரையும், மூலையில் ஒரு பழைய பாயும். பெட்ரோல் வாடை கண்ணில் எரிந்தது. அவள் நடுவில் நின்றாள். செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்கு ஏதோ எட்டியது. லேசாக ஏறி, லேசாக இறங்குவது. தூங்குகிறவர் வயிற்றில் கைவைத்தாற்போல.

அவள் மூச்சு இழுத்தபோது ஏறியது. விட்டபோது இறங்கியது.

வெளியே வந்தபோது தையற்காரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் ஆரம்பிச்சிடுச்சா?"

"என்னது?"

"உங்களுக்கு முன்னாடி ஒரு சார் வந்துட்டிருந்தாரே, அவருக்கு இளைப்பு. அவர் வந்தா அதுவும் கீழ இளைக்கும். எங்களுக்கே கேக்கும். அவர் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் கப்சிப்னு கிடந்துச்சு." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க முதத் தடவ வந்துட்டுப் போனீங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி மறுபடி மூச்சுச் சத்தம். நிதானமா."

அலுவலகப் பட்டப்பெயர் தையற்காரிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் நிதானம் வாசலைவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

முதலில் அது அலுவலகத்துக்கு வந்தது. மதிய நேரம், மின்விசிறிகள் சுற்ற, யாரோ சிரிக்க, அவள் நாற்காலிக்கு அடியில் ஒரு மூச்சு. குனிந்து பார்த்தாள். ஒரு பேனா மூடி கிடந்தது. அப்புறம் பேருந்தில், ஜன்னலோரம், இஞ்சின் இரைச்சலுக்கும் அடியில். அப்புறம் வீட்டில். மூன்றாவது மாடி வீடு. அடியில் மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன, தொட்டியும் இல்லை, மண்ணும் இல்லை. அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டைக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக வந்தது. போனது. வந்தது.

"வாடை வருதா?" என்று கேட்டாள்.

கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வெங்காய வாடை வருது. வேற என்ன வரணும்?"

"பெட்ரோல்."

"நாள் பூரா அதுலயே கிட. சோறு தின்னாலும் பெட்ரோல், கனவு கண்டாலும் பெட்ரோல். லீவு போடேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடியில் செய்தது போலவே மூச்சை அடக்கினாள். தொட்டி ஓட்டை அமைதியானது. கொஞ்சம் தைரியம் வந்தது அவளுக்கு. நான் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. என் கையில்தான் இருக்கிறது. நாய்க்குட்டி பின்னாலேயே வருவது மாதிரி, வந்துவிட்டுப் போகட்டும்.

அந்தத் தைரியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. படிக்கட்டு ஏறி வந்து, சமையலறையில் நின்று நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே அதே மாதிரி மூச்சை அடக்கினாள். அது அடக்கவில்லை. அவள் அடக்கிக்கொண்டு நிற்க, ஓட்டைக்குள்ளிருந்து அது பாட்டுக்கு வந்தது, போனது. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அடுத்த முறை அது உள்ளே இழுத்தபோது அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. மார்பு விரிந்தது. அவள் விரிக்கவில்லை.

அது நின்றது. அவளும் நின்றாள்.

விடு, விடு, என்று மனசுக்குள் கத்தினாள். துண்டு கையிலிருந்து நழுவியது. கண்ணில் பூச்சி பறக்கத் தொடங்கிய பிறகுதான் அது விட்டது. அவளும் விட்டாள்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குற? ஓடி வந்தியா?" என்றார் கணவர் உள்ளேயிருந்து.

இத்தனை நாளும் அது அவளைப் பின்பற்றவில்லை. பழகிக்கொண்டிருந்தது.

அதற்குப்பின் எதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. ஒரு வாக்கியம் பேச ஆரம்பித்தால் பாதியில் அது உள்ளே இழுக்கும், வார்த்தை அறுந்துபோகும். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்குவதற்கு இடம் வரும்வரை காத்திருப்பாள். படுத்தால், அது எப்போது நிறுத்துமோ என்று கேட்டுக்கொண்டே கிடப்பாள். கணவர் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "சுவாசம் கடிகாரம் மாதிரி ஒரே சீரா இருக்கு, இந்த வயசுல இப்படிக் கேட்டதே இல்ல" என்று பாராட்டினார். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பெட்ரோல் தலைக்கேறிவிட்டது என்பார்கள். வாயிருந்தும் ஊமையாக வளையவந்தாள்.

ஆனால் அவள் மேஜையில் அந்தத் திட்டம் இருந்தது. தொட்டிக்குள் இருப்பது எதுவாக இருந்தாலும் சரி, அதற்கு மூச்சு விட இடம் வேண்டும். இடம் இல்லாமல் செய்துவிட்டால்?

தோண்டுவது என்றால் மாதக்கணக்காகும். அறையை இடிக்க வேண்டும், மண்ணை எங்கே கொட்டுவது என்று முடிவாக வேண்டும். அதுவரை அவள் தாங்கமாட்டாள். நிரப்புவது என்றால் லாரி வரவேண்டியதுதான். ஊறின மண் கிடக்கும். தையற்காரியின் மகளுக்குத் தலைவலி நிற்காது. அந்தக் குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. முதல் தடவை போனபோது பார்த்தது, தலைவலிக்குத் தலையணை உறையைத் தலையில் கட்டிக்கொண்டு வாசல்படியில் வீட்டுப்பாடம் எழுதியது. அவள் பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

அடியிலிருந்து அது இழுத்தது. நிறுத்தியது. இந்தமுறை வெகுநேரம் நிறுத்தியது.

அவள் கையெழுத்துப் போட்டாள். 'இருந்த இடத்திலேயே நிரப்ப ஒப்புதல்.'

"நிதானமா கையெழுத்துப் போட்டுச்சு? இன்னைக்கு மழை கொட்டப் போகுது" என்றார் மேலதிகாரி. பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள்.

கலவை ஊற்றும் நாள் அன்று விடிந்ததிலிருந்தே மேகமூட்டம். ஒப்புதல் தந்த அதிகாரி கூட இருந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அவள் போனபோது சிமென்ட் லாரி ராட்டினம் மாதிரி வயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றது. தொட்டியின் வாயைத் திறந்து, யானைத் தும்பிக்கை தடிமனுள்ள குழாயை உள்ளே இறக்கியிருந்தார்கள். தூரத்தில், தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாய், சுவரோடு சுவராக, ஆள் உயரத்துக்கு நின்றது. நிரம்ப நிரம்ப உள்ளே இருக்கிற காற்றெல்லாம் அது வழியாகத்தான் வெளியேறும்.

பம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் தாடி. "மேடம், நீங்க கையக் காட்டுங்க, ஆரம்பிச்சிடலாம்" என்று கத்தினார்.

தையற்காரி வேலியோரம் வந்து நின்றாள். நிதானத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடும்மா. தோண்டத்தான் சொல்லியிருக்கணும்..." அது இழுத்தது. வார்த்தை அறுந்தது.

"பரவாயில்ல மேடம். நாங்க வேற வீடு பாத்துக்குறோம். ஏதோ ஒண்ணாவது நடக்குதே." தையற்காரி தொட்டியின் வாயைப் பார்த்தாள். "ஆனா பாத்து நில்லுங்க. போன தடவ மாதிரி ஆயிடப்போகுது."

"போன... தடவ?"

"உங்களுக்குத் தெரியாதா? பம்பு வெச்சு உள்ள இருந்த காத்தையெல்லாம் உறிஞ்சிப் பாத்தாங்களே, சோதனைக்குன்னு. அன்னைக்கித்தான் அந்த சார் போனது. நீங்க நிக்கிறீங்களே, அதே இடத்துல. மாரடைப்புன்னாங்க. நான்தான் முதல்ல ஓடிப்போய்த் தூக்கினேன். ஒண்ணுமே இல்லாத பை மாதிரி இருந்தார் மேடம். நெஞ்சு அப்படியே முதுகோட ஒட்டிப்போய்."

காலுக்கடியில் தரை ஏறியது.

தொட்டியிலிருந்து காற்றை எடுத்தார்கள். அவரிடமிருந்தும் எடுபட்டது. இப்போது தொட்டிக்குள் ஊற்றப்போகிறார்கள்.

அவள் பம்பை நோக்கி ஓட நினைத்தாள். நிறுத்துங்க என்று கத்த நினைத்தாள். ஆனால் அது இழுத்துக்கொண்டிருந்தது. இதுவரை இழுக்காத மாதிரி, நீளமாக, ஆழமாக, தண்ணீருக்குள் முங்கப்போகிறவன் இழுப்பது மாதிரி. அவள் வாய் பிளந்தது. மார்பு விரிந்தது, விரிந்துகொண்டேயிருந்தது, விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விண்ணென்று தெறித்தன. உள்ளே போகிற காற்றை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை.

கை மட்டும்தான் அவளுடையதாக இருந்தது. வேண்டாம் என்று கையை உயர்த்தினாள்.

தாடி பதிலுக்குக் கையை உயர்த்தினார். பம்பைத் தட்டிவிட்டார்.

இஞ்சின் உறுமியது. தடித்த குழாய் ஒருமுறை துள்ளி, பிறகு வயிறு ஊதி, தொட்டிக்குள் கொட்ட ஆரம்பித்தது. சுவரோரம் நின்ற குழாயிலிருந்து புஸ்ஸென்று காற்று கிளம்பியது. கிளம்பியதும் அவளுக்குக் குரல் வந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

தாடி காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துவைத்து, சிரித்து, கேட்கவில்லை என்று தலையாட்டினார். இஞ்சின் இரைந்தது. அவள் கத்திக்கொண்டேயிருந்தாள். கத்தக் கத்த மூச்சு வெளியே போய்க்கொண்டேயிருந்தது. ஒரு அடி எடுத்துவைத்தாள். இரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை.

பாதம் சில்லிட்டது. ஈரம். கனம். விரல்களை அசைக்கப் பார்த்தாள்.

கணுக்கால்.

குழாய்க் காற்று சீட்டியடித்தது. அவள் கத்தல் முனகலானது. முனகல் வெறும் காற்றானது. காற்று இன்னும் போனது. இனி இல்லை என்ற பிறகும் போனது. இழு, இழு, ஒரு தடவை இழு. உள்ளே வர ஒன்றுமில்லை.

முழங்கால். இடுப்பு.

கனமாக ஏறியது. அவசரமே இல்லாமல். குடலுக்கும் எலும்புக்கும் நடுவில் இடம் பார்த்து, சந்து பொந்தெல்லாம் தேடி, நரநரவென்று மணல் உரச ஏறியது. வயிறு. நெஞ்சின் அடி. நெஞ்சு. விழுந்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்கும் முழங்கால் மடங்க வேண்டுமே. கழுத்து வரை வந்தபோது உயர்த்திய கை தானாக இறங்கிப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கில் சிமென்ட் ருசித்தது.

உதடுகள் மூடிக்கொண்டன.

சுவரோரக் குழாயின் வாயிலிருந்து சாம்பல் நிறக் கலவை பொங்கி, வழிந்து, தரையில் சொத்தென்று விழுந்தது. "நிரம்பிருச்சு!" என்று யாரோ விசிலடித்தார்கள். பம்ப் நின்றது. அந்த நிசப்தத்தில் அவள் தனக்குள் கேட்டுப் பார்த்தாள். மூச்சு இல்லை. துடிப்பு இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்தது. கலவையின் மேல் விழுந்த முதல் மழைத்துளி தெரிந்தது. ஆட்கள் குழாய்களை உருவிக் கழுவுவது தெரிந்தது. உள்ளே சூடு பரவுவது தெரிந்தது. கலவை இறுகும்போது வருகிற சூடு.

தையற்காரி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். "மேடம், குடிங்க. முகமே சரியில்ல."

நிதானம் அவளைப் பார்த்தாள். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

"மேடம்?"

தையற்காரி அவள் தோளைத் தொட்டாள். தொட்ட விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கையை அவள் மூக்கருகே கொண்டுவந்து, அப்படியே வைத்திருந்தாள். மழை அந்தக் கையில் விழுந்தது. நிதானத்தின் இமைக்காத கண்களிலும் விழுந்தது. கண்மணிகள் மட்டும் உருண்டு அந்தக் கையைப் பார்த்தன, தையற்காரியைப் பார்த்தன, மறுபடி அந்தக் கையைப் பார்த்தன. தம்ளர் கீழே விழுந்து உருண்டது.

அங்கே தாடி, கலவை வழிந்த குழாயைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்துக்குங்க மேடம்," என்றார் சந்தோஷமாக. "இனி ஆயுசுக்கும் அசையாது."